ஆக்னஸ் வாங்கிய அடி

ரீகன் மோத்தாவின் முதல் தொழில்முறைச் சண்டையில், பெங்களூரில் ஒரு கம்பிக் கூண்டுக்குள், எதிராளியின் முழங்கை அவன் இடது புருவத்தில் இறங்கிய அதே நொடியில், தூத்துக்குடி ஐஸ் கம்பெனியில் படகுக்காரர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆக்னஸின் இடது புருவம் பிளந்தது. ரத்தம் டோக்கன் கட்டின் மேல் சொட்டியது. வரிசையில் முதலாவதாக நின்ற விசைப்படகுக்காரர் தன் டோக்கன் நனைந்துவிட்டது, வேறு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரீகனின் புருவத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. அவன் சிரித்தபடி எழுந்து அந்தச் சண்டையை ஜெயித்தான்.

இருவரும் குடியிருந்த பாய்மரத் தெரு இதைச் சேர்த்துப் பார்க்க மூன்று சண்டைகள் பிடித்தன. முதல் தடவை, ஐஸ் அறைக் கதவு இடித்திருக்கும் என்றார்கள். இரண்டாவது சண்டையின்போது ஆக்னஸ் கோயிலில் மாலைச் செபத்தில் முழங்காலில் இருந்தாள். விலாவில் அடுத்தடுத்து மூன்று உதை வாங்கி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, செபத்தை விடாமல் சொல்லி முடித்தாள். மூன்றாவது சண்டையைத் தெருவே டிவியில் பார்த்தது. எதிர் வீட்டு ஜன்னலில் நின்றிருந்த ஆக்னஸின் உதடு கிழிந்ததையும் பார்த்தது. அதன்பிறகு நாற்பது விநாடி கழித்துத்தான் டிவியில் ரீகனின் உதட்டில் குத்து விழுந்தது. நேரலை என்று போட்டிருந்தாலும் படம் பிந்தி வருகிறது, ஆக்னஸ்தான் சரியான நேரத்துக்கு வருகிறாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'கீழே விழுந்தது' என்று எழுதினார், வேறு எதை எழுதினாலும் போலீஸுக்குச் சொல்ல வேண்டி வரும் என்பதால். பங்குச் சாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு, திருச்சபை பல விஷயங்களுக்குச் சட்டம் வைத்திருக்கிறது, இதற்கு வைத்ததாகத் தெரியவில்லை, எதற்கும் சண்டை நாளில் வேலைக்குப் போகவேண்டாம் என்றார். ஆண்கள் ரத்தப் பிரிவு ஒன்றாக இருக்கும் என்று சொல்லிப் பரிசோதித்தும் பார்த்தார்கள். இருவருக்கும் ஓ பாசிட்டிவ்தான், தெருவில் பாதிப் பேருக்கும் அதுவேதான். அந்தோணியார் மன்றத்தின் செயலாளர் லூர்து பர்னாந்து காரணங்களில் நேரத்தைச் செலவிடுகிறவர் இல்லை. தினமும் இரண்டு முட்டை ஆக்னஸ் வீட்டுக்குப் போக ஏற்பாடு செய்தார். கழுத்து பலமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். ரீகன் சென்னைப் பயிற்சிக்கூடத்தில் கயிறு தாண்டிய அதே விடியற்காலையில், பாய்மரத் தெருவில், முப்பத்தாறு வயதான, கல்யாணமாகாத, யாரோடும் நின்று பேசாத ஆக்னஸ் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் கயிறு தாண்டினாள்.

இதெல்லாம் ஜெனோவாவின் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே நடந்தது. ஜெனோவா ரீகனின் மனைவி. கல்யாணமாகி நான்கு வருஷம்.

பெண்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதை அவளிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை. ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தவர்கள், மிஷின் வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் நேரத்தில், "அடி எங்கயாவது போயித்தானே ஆகணும், பொஞ்சாதிட்ட போகலன்னா..." என்று ஆரம்பித்து, தாள் வெளியே வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். யார் அவனை மனசில் தூக்கி வைத்திருக்கிறாரோ அவர் மேல்தான் விழுகிறது என்பது அவர்கள் கணிப்பு. ஜெனோவாவும் அதையேதான் நம்பினாள். நம்பாமல் இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

தெருவுக்கு முன்பே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது; மூன்றாவது சண்டையன்றே அவள் ரீகனின் வேர்வை மணக்கும் பனியனை உள்ளே போட்டுக்கொண்டு, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்திருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. நான்காவது சண்டையன்று டிவிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, ரீகனின் கன்னத்தில் குத்து விழுந்ததைப் பார்த்தவுடன் அடுப்படிக்குப் போய் சப்பாத்திக் கட்டையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் கன்னத்தில் தானே ஒரு போடு போட்டாள். கன்னம் நன்றாக வீங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். ஆக்னஸ் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. ஆக்னஸின் கன்னமும் வீங்கியிருந்தது, வலது கன்னம். ஜெனோவாவுக்கு இடது. டிவியில் எதிரே தெரிந்த பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து அடித்துக்கொண்டாள். நாளெல்லாம் நகலெடுக்கிறவளுக்கு அந்த ஒரு நகல் தப்பிவிட்டது. கூட்டம் இரண்டு கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆக்னஸ்தான் வீங்கிய வாயோடு, "கதவு இடிச்சிருக்கும், இந்த வீடுகள்ல கதவெல்லாம் அப்படித்தான்" என்றாள். அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஜெனோவா வருஷக்கணக்கில் நினைத்தாள்.

ஐஸ் வைக்கும் வேலை அவள் கைக்கு வந்தது இதற்குப் பின்னால்தான். ஆக்னஸுக்கு வீட்டில் ஆள் கிடையாது, புருஷன் வாங்க வேண்டிய அடியைச் சுமக்கிறவளைப் பெண்டாட்டிதான் கவனிக்க வேண்டும், அதுதான் முறை என்று மன்றத்தில் பேசி முடிவு செய்தார்கள். ஆகவே ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் ஜெனோவா ஐஸ் பையைத் துண்டில் சுற்றி அந்த முகத்தின் மேல் வைத்தாள். குனிந்து பார்த்தால், கண்ணுக்குக் கீழே, விரல் முட்டிகள் நாலும் பதிந்த இடம் தனித்தனியாகத் தெரியும். தன் புருஷனைத் தொட்டவை அவை, தனக்கு வராமல் தாண்டிப்போனவை. அவள் ஐஸைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

"அமுக்காத புள்ள" என்பாள் ஆக்னஸ்.

"நீங்க எதுக்குக்கா இத வாங்குதிய?"

"நான் கேட்டா வாங்குதேன்? வருது."

"கேக்காமலா வரும்?"

"நீ கேட்டுத்தான் பாத்தியே. வந்திச்சா?"

ஐஸ் உருகித் தலையணை நனையும்.

கல்யாணத்துக்கு முன் ரீகன் இரண்டு வருஷம் அதே ஐஸ் கம்பெனியில் கட்டி தூக்கியவன். அந்த இரண்டு வருஷத்தை ஜெனோவா அவனிடம் கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டாள்.

"அங்க என்ன செஞ்சிய?"

"ஐஸ் தூக்கினேன்."

"அவிய?"

"டோக்கன் குடுப்பாவ."

"பேசுவியளா?"

"ஐஸ் உருகுதுன்னு சொல்லுவாவ. நான் வெரசலா தூக்குவேன். இதுல என்னட்டி இருக்கு?"

ஒன்றும் இல்லாததுதான் அவளைத் தின்றது. ஒரு கடிதம், ஒரு போட்டோ, ஒரு பழைய பேச்சு இருந்தால் எடுத்துக் கிழித்துப் போட்டிருப்பாள். ஜெயித்து ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் ரயிலடியிலிருந்து நேராக ஆக்னஸ் வீட்டுக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பிறகுதான் தன் வீட்டுக்கு வந்தான். அதையும் முறை என்றே ஊர் சொன்னது.

ஒன்பது சண்டைகள் ஜெயித்தபின் ரீகனுக்குச் சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை வந்தது. சென்னையில், ஐந்து ரவுண்டு, நடப்புச் சாம்பியனான ஹரியானாக்காரனோடு. அந்த ஹரியானாக்காரன் குத்துவதைவிடப் பிடிப்பதில் பெரிய ஆள். எதிராளியின் கையைத் தன் கால்களுக்கு இடையில் வாங்கி முழங்கையை மறுபக்கம் வளைப்பான். அப்படி வளைக்கப்பட்டவன் வலி தாங்காதபோது தரையில் மூன்று தரம் தட்ட வேண்டும். தட்டினால் சண்டை முடிந்தது, தட்டியவன் தோற்றான், கை மிஞ்சியது. தட்டாவிட்டால் கை போகும். எல்லாச் சண்டைக்காரர்களும் என்றாவது ஒருநாள் தட்டியிருப்பார்கள். ரீகன் தட்டியதே இல்லை. எதற்குத் தட்டுவான், வலி தூத்துக்குடியில் அல்லவா இருந்தது.

அவனுடைய பயிற்சியாளர் டெல்மான் மாஸ்டருக்கு இதுதான் பயம். சண்டைக்கு ஒரு வாரம் முன்பு அவரே ஊருக்கு வந்து, மன்றத்தில் ஆக்னஸை உட்காரவைத்து, எதிரே ஒரு மேஜையைப் போட்டு விளக்கினார்.

"வலி தாங்க முடியலைன்னா இந்த மேஜையில மூணு தட்டு தட்டுங்கக்கா. இங்கேருந்து ஒருத்தர் எங்கிட்ட போன்லேயே இருக்கணும். தட்டிட்டாங்கன்னு சொன்ன உடனே நான் டவல உள்ள வீசி சண்டைய நிறுத்திருவேன்."

"தட்டலன்னா?" என்றாள் ஆக்னஸ்.

"கை போயிரும்."

"யாரு கை?"

மாஸ்டர் அவள் கையைப் பார்த்தார். "இதுவரைக்கும் நடந்ததப் பாத்தா, ஒங்க கைதான்."

"அப்ப என் கைக்கு நான்தானே தட்டணும். வேற ஆரும் தட்டக்கூடாதுல்லா?"

"ஆமாக்கா. நீங்க தட்டினாத்தான்."

போனை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது லூர்து பர்னாந்து யோசிக்கவே இல்லை. "ஐஸ் வைக்கது ஜெனோவா. பக்கத்துல இருக்கப்போறதும் அவதான். அவ கையிலயே இருக்கட்டும்."

சண்டை நாளன்று மாலை மன்றத்தில் நாற்காலிகளை ஆக்னஸைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். பெரிய திரை அவளுக்குப் பின்னால் இருந்தது; முன்னால் நடப்பதற்கு அது சாட்சி சொன்னால் போதும். ஆக்னஸ் கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையில், தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஜெனோவா பக்கத்தில் ஒரு முக்காலியில், மடியில் ஐஸ் பையும் காதில் போனுமாக இருந்தாள். போனுக்குள் சென்னைக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. சண்டைக்குப் போகுமுன் ரீகன் ஒரு நிமிஷம் மாஸ்டரிடமிருந்து போனை வாங்கிப் பேசினான். "அக்கா சாப்பிட்டாவளா?" என்று கேட்டான். சாப்பிட்டாவ என்றாள் ஜெனோவா. அவள்தான் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை, ஆனால் அதை அவன் கேட்கவில்லை.

முதல் ரவுண்டில் ஆக்னஸின் தலை இரண்டு தரம் பின்னால் போனது. இரண்டாவதில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. "மூக்கு மட்டுந்தான், கண்ணுல ஒண்ணுமில்ல, பய நல்லா ஒதுங்குதான்" என்று முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்குச் சொன்னார்கள். மூன்றாவது ரவுண்டு முழுக்க ஆக்னஸ் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ஒரு கொசு கடித்த அளவுக்கும் அவள் முகம் மாறவில்லை, அப்போதே கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது. திரையில் ரீகன் ஹரியானாக்காரனை வலையோரம் ஒதுக்கிக் குத்துவது அதற்குப்பின் மெதுவாக வந்து சேர்ந்தது. நான்காவதும் அப்படித்தான். ஐந்தாவதில் பாதி தாண்டியபோது லூர்து பர்னாந்து மாலைக்குச் சொல்லியனுப்பினார். இரண்டு மாலை, ஒன்று ரீகனுக்கு, ஒன்று ஆக்னஸுக்கு.

கடைசி நிமிஷத்தில் ஆக்னஸின் வலது கை மேஜையைவிட்டு எழும்பியது.

அவள் அதைத் தூக்கவில்லை. யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதுபோல் அது தானாக முன்னால் நீண்டு, நேராகி, நேரான பின்னும் நிற்காமல், முழங்கை போகக்கூடாத பக்கமாகப் போகத் தொடங்கியது. அவளுக்குப் பின்னால் திரையில் ரீகன் இன்னும் நின்றுகொண்டு குத்தினான். சென்னையில் அவன் ஏற்கெனவே கீழே கிடந்தான். கூட்டம் எழுந்துவிட்டது. நாற்காலிகள் சரிந்தன. "தட்டு ஆக்னஸு" என்றார் லூர்து பர்னாந்து. "போதும் மக்கா, தட்டு" என்றார்கள் பெண்கள். போனுக்குள் டெல்மான் மாஸ்டர், "தட்டிட்டாங்களா? என்ன ஆச்சு? தட்டிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் யாரோ, முப்பது செகண்டுதான், முப்பது செகண்டுதான் என்று கத்தினார்கள். அந்த முப்பது விநாடியை ஓட்டிவிட்டால் புள்ளிக் கணக்கில் பெல்ட் ரீகனுக்கு.

ஆக்னஸ் தன் இடது கையை மேஜையிலிருந்து எடுத்தாள். அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் அவளுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெனோவா மட்டுமே முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு காலமாக அலமாரியிலும், போனிலும், ஐஸ் கம்பெனியின் இரண்டு வருஷத்திலும் தேடிக் கிடைக்காத ஒன்று அந்த முகத்தில் எந்த மறைப்பும் இல்லாமல் இருந்தது. ரத்தம் காய்ந்த உதட்டை அதிகம் அசைக்காமல் ஆக்னஸ் சொன்னாள்:

"சொல்லிராத."

யோசிக்க நேரம் இல்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஜெனோவாவுக்கு நேரம் இருந்தது. பெல்ட் வீட்டுக்கு வருவதை அவள் பார்த்தாள், அதைக் கூடத்தில் மாட்டுவதைப் பார்த்தாள், வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, 'ஆக்னஸ் ஒரு கையக் குடுத்தால்லா' என்று சொல்வதைக் கேட்டாள். ஒடிந்து கூடிய கை ஒன்று சற்றே கோணலாக இந்தத் தெருவில் முப்பது வருஷம் நடமாடுவதையும், அது வரும்போது ஊர் ஒதுங்கி வழிவிடுவதையும், ரீகன் சாகும்வரை அந்தக் கையைப் பார்த்துத் தலைகுனிவதையும் பார்த்தாள். அதற்கு எதிராக வைப்பதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். சப்பாத்திக் கட்டை வீக்கம் ஒன்று இருந்தது, அதுவும் தப்பான கன்னத்தில்.

போனில் சொன்னாள்: "தட்டிட்டாவ."

ஆக்னஸின் கை விடுபட்டு மேஜையில் பொத்தென்று விழுந்தது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். பிறகு, செத்தவர் வீட்டில் நிற்பதுபோல் நின்று, திரையில் வரப்போவதை முழுசாகப் பார்த்தார்கள்: ரீகன் விழுந்தான், ஹரியானாக்காரன் கையை வாங்கினான், வளைத்தான், ரீகன் வலியே இல்லாத முகத்தோடு மணியை எதிர்பார்த்துப் படுத்திருந்தான், அப்போது ஒரு வெள்ளை டவல் கூண்டுக்கு மேலாக வந்து விழுந்தது. அவன் அந்த டவலைப் பார்த்த பார்வையை, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்துவிட்டால் பார்க்கிற பார்வை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் கோபமாகத்தான் இருந்தார்கள். பிறகு லூர்து பர்னாந்து மாலையோடு நின்றவர், அதை என்ன செய்வதென்று தெரியாமல், ஜெனோவாவின் கழுத்தில் போட்டார். "புருசன் பெல்ட்டு போனாலும் போவுதுன்னு ஊராம் பொம்பள கையக் காப்பாத்தியிருக்கா. ஆருக்கு வரும் இந்த மனசு" என்றார். பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். மூன்று தட்டும் தங்கள் காதில் விழுந்ததாகப் பன்னிரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் மட்டும் நான்கு என்றார். ஆக்னஸ் எதையும் மறுக்கவில்லை. ஜெனோவா வழக்கம்போல் ஐஸ் வைத்தாள். அமுக்காத என்று அன்றைக்கு ஆக்னஸ் சொல்லவில்லை.

மறுநாள் காலை ரயிலில் வந்த ரீகன் நேராகத் தன் வீட்டுக்கு வந்தான். ஜெனோவா அதைக் கவனித்தாள். அவன் செருப்பு தன் வாசலில் கழன்றதைக் கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள். சுடச்சுட இட்லி வைத்தாள். அவன் வலது கையை நீட்டியும் மடக்கியும் பார்த்தான், அதில் ஒரு சிராய்ப்பும் இல்லை.

"ரொம்ப வலிச்சிருக்குமோ?" என்றான்.

"ஆருக்கு?"

"அக்காவுக்குத்தான்."

"அதான் தட்டிட்டாவள்ல."

அவன் இட்லியைப் பிட்டான், வாயில் வைக்கவில்லை. "தட்டுவாவன்னு நான் நெனக்கலட்டி" என்றான். பிறகு, அவளிடம் சொல்வதுபோல் இல்லாமல், "அவிய தட்ட மாட்டாவன்னுதான் நான் அப்படிக் கெடந்தேன்" என்றான்.

ஜெனோவா சட்னி எடுத்துவர உள்ளே போனாள். சட்னி மேஜையிலேயே இருந்தது.

பத்து மணிவாக்கில் ஆக்னஸ் வந்தாள். வலது கையைப் பழைய சேலைத் துணியால் கழுத்தோடு கட்டியிருந்தாள்; சுளுக்குத்தான், ஒரு வாரத்தில் வீக்கம் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது கையில் ஐஸ் பையைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தாள். ஜெனோவா வாசலுக்கு வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நான் தட்டல" என்றாள் ஆக்னஸ். சத்தமாகச் சொல்லவில்லை.

"தெரியும்."

"ரீகன்ட்ட நான் தட்டினேன்னு சொல்லியிருக்க."

"சொன்னேன்."

"நான் தட்டலட்டி. தட்டிப் பறிச்சது நீ."

"என் வீட்டுப் பொருளத்தானக்கா பறிச்சேன்."

ஆக்னஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கண் இன்னும் பாதிதான் திறந்தது. "கெடச்சிட்டா?" என்றாள்.

உள்ளே நாற்காலி தரையில் உரசிப் பின்னால் போகிற சத்தம் கேட்டது. "ஆரு வந்திருக்கா?" என்றான் ரீகன். பதிலுக்குக் காத்திராமல், "ஆக்னஸக்காவா?" என்றான். அவன் எழுந்து வருகிற காலடி கேட்டது.

ஜெனோவா இரண்டு கைகளையும் வாசல் நிலையின் இரண்டு பக்கத்திலும் ஊன்றிக்கொண்டாள்.

"இல்ல, ஆரோ வழி கேக்காவ" என்றாள், வழியை விடாமல்.